அறுபதாம் கல்யாண நகைச்சுவை நாடகம்: இடைவேளைக்குப் பிறகு சிரிப்பு ஆறிப்போகிறது, எங்கே திருத்துவது?

மலைக்கோட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்து நாடகக் குழு ஒரு கணவன்-மனைவி நகைச்சுவை நாடகத்தை மேடையேற்றி வருகிறது. கதை எங்கள் குழுவிலேயே எழுதியது. அறிந்தவர்கள் யோசனை சொல்ல வேண்டும்.

கதை இதுதான். சதாசிவத்துக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து வைக்கப் பிள்ளைகள் நாள் பார்க்கிறார்கள். மனைவி கோமதி, "முதல் தடவை என்னை யாரும் கேக்கல. இந்தத் தடவை என்னைக் கேட்டுட்டுத்தான் தாலி கட்டணும். நான் யோசிச்சுத்தான் பதில் சொல்லுவேன்" என்று சொல்லிவிடுகிறாள். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சதாசிவம் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும். நடுவில் ஒரு சிக்கல். நண்பனின் அவசரத்துக்காகக் கோமதியின் அட்டிகையை அடகு வைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு கவரிங் அட்டிகையை பீரோவில் வைத்திருக்கிறார். முகூர்த்தத்துக்கு அவள் அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறாள். அது கவரிங் என்று கோமதிக்கு ஆரம்பத்திலேயே தெரியும், அசலை மீட்டு வந்ததும் அவள்தான் என்பது கடைசிக் காட்சியில் வெளிப்படும்.

மொத்தம் 1 மணி 55 நிமிடம், 14 காட்சிகள், 9 பாத்திரங்கள். 7ஆம் காட்சி முடிந்து 10 நிமிட இடைவேளை. மேடை 28 அடி அகலம், 18 அடி ஆழம். அரங்கில் 350 இருக்கை. முன்னால் 3 ஸ்டாண்டு மைக், மேலே 2 தொங்கு மைக். விளக்கு 8 எல்.இ.டி. பார்.

முதல் பாதியில் சிரிப்பு அள்ளுகிறது. இடைவேளைக்குப் பிறகு 8ஆம் காட்சியிலிருந்து கூட்டம் அமைதியாகிவிடுகிறது. கடைசித் திருப்பத்துக்குக் கைதட்டல் வருகிறது, ஆனால் நடுவில் நாற்பது நிமிடம் வறட்சி. இரண்டாம் பாதியில் குரலை உயர்த்தி வேகமாகப் பேசினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நடிகர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரச்சினை எழுத்திலா, நடிப்பிலா, ஒலியிலா?

வசனக்காரன் பதில்:

சார், உங்கள் சந்தேகம் சரி. குரலை உயர்த்தாதீர்கள். எல்லோரும் ஒரே உச்சத்தில் பேசினால் எது நக்கல், எது கெஞ்சல், எது பயம் என்று பார்ப்பவருக்குப் பிரித்துத் தெரியாது. முதலில் எழுத்தைப் பாருங்கள்.

கோமதிக்கு உண்மை தெரியும் என்பதைக் கடைசி வரை ரகசியமாக வைத்திருக்கிறீர்கள். அதனால் இரண்டாம் பாதி முழுக்கப் பார்வையாளர் பார்ப்பது, ஒரு கணவன் ஏமாளி மனைவியிடம் திரும்பத் திரும்பப் பொய் சொல்வதை. முதல் இரண்டு பொய்க்குச் சிரிப்பார்கள். மூன்றாவதில் அவள் மேல் பரிதாபம் வந்துவிடும். பரிதாபம் வந்த இடத்தில் சிரிப்பு தங்காது. உங்கள் வறட்சிக்குக் காரணம் அதுதான்.

கோமதிக்குத் தெரியும் என்பதை இடைவேளைக்கு முன்பே பார்வையாளருக்குக் காட்டிவிடுங்கள். சதாசிவத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம். 7ஆம் காட்சியின் கடைசியில் வசனமே இல்லாமல் 40 விநாடி போதும். துவைக்கப் போட்ட சட்டையை எடுக்கிறாள். பையில் அடகுச் சீட்டு. படிக்கிறாள். பீரோவிலிருந்து அட்டிகையை எடுத்துக் கையில் எடை பார்க்கிறாள், கொக்கியை நகத்தால் சுரண்டுகிறாள். சீட்டை மடித்து அதே பையில் வைத்துவிட்டுச் சட்டையைத் துவைக்காமல் ஆணியிலேயே மாட்டுகிறாள். விளக்கு அணையட்டும்.

இப்போது 8ஆம் காட்சியில் "ஏங்க, அட்டிகையைப் பாலிஷுக்குக் குடுக்கலாமா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டாலே அரங்கம் அதிரும். வசனம் அதேதான், ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், அவருக்குத்தான் தெரியாது. சில இடங்களில் கோமதியே அவரை மாட்டிவிட்டு வேடிக்கை பார்க்கலாம். மனைவி கையில் திட்டம் இருக்கும்போது அவள் ஏமாளி இல்லை, பரிதாபமும் இல்லை. நகையை அவளே மீட்டுவிட்டாள் என்ற இன்னொரு ரகசியம் கடைசிக்கு அப்படியே இருக்கட்டும். இரண்டு ரகசியத்தில் ஒன்றைத் திறந்துவிட்டு ஒன்றை மூடி வையுங்கள்.

இதை மாற்றியதும் ஒரு சரிபார்ப்பு அவசியம். ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் காட்சி எண்கள், மேலே 9 பாத்திரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும் என்று பென்சிலில் எழுதுங்கள்: அடகு தெரியும், கவரிங் தெரியும், கோமதிக்குத் தெரியும் என்பது தெரியும், ஒன்றும் தெரியாது. பொய்யை நம்பி நடக்கும் நாடகங்களில் பெரும்பாலான ஓட்டை இங்கேதான் இருக்கும். 9ஆம் காட்சியில் நண்பன் தனக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றைப் பேசியிருப்பான். பார்வையாளர் எழுந்து கேட்க மாட்டார்கள், ஆனால் அந்த இடத்திலிருந்து கதையை நம்புவதை விட்டுவிடுவார்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் உள்ள பிரியம் ஒரு சின்னச் செயலில் தெரிகிறதா என்று பாருங்கள். அவர் தேடுவதற்கு முன்பே அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டுவது, முதல் டம்ளர் காப்பியை அவர் அவளுக்கு ஆற்றிக் கொடுப்பது, இந்த அளவு போதும். அது இல்லாமல் நேரடியாகச் சண்டையில் ஆரம்பித்தால் கூட்டம் அதை நிஜச் சண்டையாகவே எடுத்துக்கொள்ளும். பிரியம் தெரிந்த பிறகு எவ்வளவு கடுமையாகத் திட்டிக்கொண்டாலும் சிரிப்பார்கள்.

வசனத்தில் சிரிப்பு வரவேண்டிய சொல் கடைசியில் நிற்க வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு எழுத்தும் கூடாது. உதாரணம்: "கோமதிகிட்ட நான் எதையும் மறைக்கறதே இல்ல." "ஏன்?" "கண்டுபிடிச்சிடுவா." இதில் நடிகர் "கண்டுபிடிச்சிடுவாடா, அதான் விஷயமே" என்று இழுத்தால் சிரிப்பு போச்சு. பேச்சுத் தமிழில் வினைச்சொல்லை முன்னால் போட்டுப் பெயரைக் கடைசியில் வைக்க முடியும். "எங்க அம்மாதான் கண்ணாடியை ஒளிச்சு வெச்சாங்க" என்பதைவிட "கண்ணாடியை ஒளிச்சு வெச்சது யாரு தெரியுமா? எங்கம்மா" என்பது மேடைக்கு நிற்கும். கையெழுத்துப் பிரதியில் சிரிப்பு வரும் சொல் ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டு, அதற்குப் பின்னால் உள்ளதை வெட்டுங்கள்.

14 காட்சி மிக அதிகம். இடைவேளையைக் கழித்தாலும் 12 முறை விளக்கை அணைக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 25 விநாடி என்றால் மொத்தம் 5 நிமிடம் கூட்டம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. நகைச்சுவைக்கு அது பெரிய நஷ்டம். ஒவ்வொரு இருட்டுக்குப் பிறகும் நடிகர்கள் கூட்டத்தைப் புதிதாகச் சூடேற்ற வேண்டியிருக்கும். கூடத்தை மேடையின் முக்கால் பங்காக வைத்து, இடது ஓரத்தில் 6 அடியைத் திண்ணையாகப் பிரித்துவிட்டால் பாதிக் காட்சிகளை விளக்கு மாற்றத்திலேயே ஓட்டலாம். 8 காட்சிக்குள் அடக்கப் பாருங்கள்.

ஒலிமேசை பதில்:

எழுத்து பத்தி வசனக்காரன் சார் சொல்லிட்டார். ஒலியிலயும் உங்களுக்குப் பிரச்சினை இருக்கணும். இரண்டாம் பாதியில உட்கார்ந்து பேசற காட்சி அதிகமா? அப்படின்னா கூட்டம் சிரிக்காததுக்குப் பாதிக் காரணம் காது.

நின்னு பேசும்போது வாய் தரையிலிருந்து சுமார் 5 அடி உயரம். சோபாவில உட்கார்ந்தா மூணரை அடி. 9 அடி உயரத்துல தொங்குற மைக்குக்கு 4 அடியா இருந்த தூரம் ஐந்தரை அடி ஆயிடும். முன்னாடி நிக்கற ஸ்டாண்டு மைக்குக்கு சோபா எவ்வளவு பின்னாடி இருக்கோ அவ்வளவு நஷ்டம். சோபா பின்திரையை ஒட்டி இருந்தா முன் விளிம்புக்கு 14 அடிகூட இருக்கும். அங்கிருந்து முணுமுணுக்கற வசனம் எந்த மைக்குலயும் ஏறாது. ஒலிக்காரர் ஒலியை ஏத்துவார், மைக் ஊளையிடும், மறுபடி இறக்குவார்.

சோபாவை முன் விளிம்பிலிருந்து 6 அடிக்குக் கொண்டு வாங்க. மெத்தைக்கு அடியில ப்ளைவுட் பலகை வெச்சு உட்காரும் உயரத்தை 20 அங்குலம் ஆக்குங்க. இதுல இன்னொரு லாபம், வயசான நடிகர்கள் சட்டுனு எழுந்திரிக்க முடியும். தாழ்ந்த சோபாவிலேர்ந்து திணறி எழுந்திரிக்கற ரெண்டு விநாடியில டைமிங் போயிடும்.

ஸ்டாண்டு மைக் மூணையும் பக்கத்துப் பக்கத்துல வெக்காதீங்க. வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரமோ, அதுக்கு மூணு மடங்கு தூரம் மைக்குக்கும் மைக்குக்கும் இருக்கணும். ஆள் 3 அடியில நின்னா மைக் 9 அடிக்கு ஒண்ணு. உங்க 28 அடி மேடையில ஓரத்திலிருந்து 5, 14, 23 அடியில வெச்சா கணக்கு சரி. நெருக்கி வெச்சா ஒரே குரல் ரெண்டு மைக்குல கொஞ்சம் முன்ன பின்ன ஏறி ஒண்ணை ஒண்ணு கெடுக்கும், குழாய்க்குள்ள பேசற மாதிரி கேக்கும். மரப்பலகை மேடைன்னா மிக்ஸர்ல 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்க, நடக்கற சத்தம் போயிடும். பெரிய ஸ்பீக்கர் ரெண்டும் மைக் வரிசைக்கு முன்னாடி, கூட்டத்தைப் பார்த்து இருக்கணும்.

வாடகைக்கு ரெண்டு காலர் மைக் எடுக்க முடிஞ்சா கணவருக்கும் மனைவிக்கும் மட்டும் குடுங்க. புடவைத் தலைப்புல குத்தாதீங்க. பட்டு உரசற சத்தமும் சங்கிலி இடிக்கற சத்தமும்தான் கேக்கும். நெற்றி முடி ஓரத்துல அல்லது காதுக்கு முன்னாடி, தோல் நிற மருத்துவ டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு பேரும் ஓரடிக்குள்ள நெருங்கி வந்தா ஒரு மைக்கை இறக்கிடணும், இல்லேன்னா அதே குழாய்ச் சத்தம். ஆகையால ஒலிக்காரர் கையிலயும் ஒரு பிரதி இருக்கணும், நெருங்கற இடமெல்லாம் அதுல குறிச்சிருக்கணும். ஒவ்வொரு தடவை நாடகம் போடும்போதும் புது பேட்டரி.

செல்போன் மணி, வாசல் மணி ரெண்டையும் பெரிய ஸ்பீக்கர்ல விடாதீங்க. செல்போன் மணி அரங்கம் முழுக்கக் கேட்டா கூட்டத்துல நாலு பேர் தங்கள் பையைத் துழாவுவாங்க, அடுத்த வசனம் போச்சு. டீபாய்க்கு அடியில ஒரு சின்ன ஸ்பீக்கரை வயர்ல இணைச்சு அதுல விடுங்க. ப்ளூடூத் வேண்டாம், தாமதம் ஆகும். வாசல் மணிக்கு நிஜ பேட்டரி பெல் ஒண்ணைப் பலகையில பொருத்தி விங்குக்குள்ள (மேடை ஓரத்துத் திரை மறைவுல) வெச்சு ஆளே அழுத்தட்டும். நடிகரைப் பார்த்துக்கிட்டே அழுத்தலாம், தப்பவே தப்பாது.

மலைக்கோட்டைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. சோபா பின்திரையை ஒட்டித்தான் இருக்கிறது. 9, 10, 11 மூன்றுமே உட்கார்ந்து பேசும் காட்சிகள்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, இருவருக்கும் நடுவே காதல் திரும்ப மலர்வதை எப்படிக் காட்டுவது? கோமதியாக நடிப்பவர் தொட்டு நடிப்பதில் சங்கடப்படுகிறார், அதை நான் மதிக்கிறேன். இரண்டு, கடைசிக் காட்சியில் கலச அபிஷேகம், ஹோமம், தாலி கட்டுதல் மூன்றும் இருக்கின்றன. அதற்கு முன்காட்சி முடிந்து கோமதி பட்டுப்புடவை மாற்றி வர நேரம் போதவில்லை.

பட்டுத்திரை பதில்:

தொடாமலே காட்டலாம், சிரிப்போடு சேர்ந்தால் அதுதான் இன்னும் நன்றாக நிற்கும். மேடையில் இருவருக்கும் உள்ள தூரத்தைத் திட்டமிடுங்கள். முதல் காட்சியில் சோபாவின் இரண்டு ஓரம், நடுவில் மூன்றாவது ஆள் உட்காரும் இடம். 5ஆம் காட்சியில் நடுவில் ஒரு தலையணை. 10ஆம் காட்சியில் அவரே தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார், இடம் காலி. கடைசியில் அவள் நகர்ந்து உட்காருகிறாள், அவ்வளவுதான். இது வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு காட்சியிலும் அவர்கள் அதே சோபாவில், அதே பக்கம் உட்கார வேண்டும். நடிகர் மறந்துபோய் வேறு பக்கம் உட்கார்ந்தால் கட்டிய எல்லாம் கலைந்துவிடும்.

பூ நன்றாக உதவும். அவர் மல்லிகை வாங்கி வந்து கையில் கொடுக்கத் தயங்கி டீபாய் மேல் வைப்பது, சுவாமி படத்துக்குப் போடுவது போல் பாவனை செய்வது, அடுத்த காட்சியில் அதே பூ அவள் தலையில் இருப்பது. ஒரு வார்த்தையும் தேவையில்லை. நிஜப் பூ வையுங்கள், 2 முழம். துணிப்பூ முதல் வரிசைக்குத் தெரிந்துவிடும். காப்பி டம்ளரில் அரை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், கைநடுக்கத்தில் புடவையில் கொட்டும். சூடு வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் நிறத்துக்கு இன்ஸ்டன்ட் தூள் கலந்தால் போதும். டபராவை வைக்கும் இடத்தில் ஒரு துணி விரியுங்கள், எவர்சில்வர் சத்தம் வசனத்தைத் தின்றுவிடும்.

தொடுதல் வரும் ஒரே இடம் தாலி. அதை முன்கூட்டியே நடிகையிடம் பேசி, எங்கே கை படும், எங்கே படாது என்று முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி செய்யுங்கள். மேடையில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்பதை அவருடன் நடிப்பவருக்கு இயக்குநர்தான் சொல்ல வேண்டும், அந்த அம்மா சொல்லும்படி விடக் கூடாது. மஞ்சள் கயிற்றின் பின்புறத்தில் ஒரு சின்னக் கொக்கி தைத்துவிடுங்கள். மூன்று முடிச்சும் போடுவதற்குள் கூட்டத்தின் கவனம் போய்விடும். கணவர் மனைவிக்குப் பின்னால் நின்று கட்டினால் இரண்டு முகமும் கூட்டத்துக்குத் தெரியும். எதிரே நின்று கட்டினால் அவர் முதுகுதான் தெரியும். நாத்தனார் முடிச்சு போட வருகிற பெண் விளக்கை மறைக்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும்.

கலச அபிஷேகத்தை மேடையில் நிஜத் தண்ணீரில் செய்யவே கூடாது. தரையில் மைக் வயர், விளக்கு வயர் எல்லாம் ஓடுகிறது. மின் ஆபத்து உண்டு, வழுக்கியும் விழுவார்கள். அபிஷேகம் மேடைக்குப் பின்னால் நடப்பதாக ஒலியில் மட்டும் காட்டிவிட்டு, ஈரத் தலையோடு தோளில் துண்டு போட்டு இருவரும் உள்ளே வந்தால் போதும். தலையில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், உடையில் வேண்டாம். இன்னொன்று: முகூர்த்தத்தில் கணவர் பஞ்சகச்சமும் அங்கவஸ்திரமும் மட்டும் போட்டிருந்தால் காலர் மைக்கின் பெட்டியை எங்கே செருகுவது? இடுப்பில் ஒரு எலாஸ்டிக் பட்டை கட்டி, முதுகுப்பக்கம் வேஷ்டிக்குள் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால், ஈரத் தலையால் மைக் கெடாமல் இருக்க அந்தக் காட்சிக்கு மட்டும் அவர் மைக்கைக் கழற்றி, இருவரையும் நடு ஸ்டாண்டு மைக்குக்கு 3 அடிக்குள் நிறுத்துங்கள்.

ஹோமத்துக்கு நெருப்பு வேண்டாம். அரங்கக்காரர்கள் அனுமதித்தாலும் திரைக்குப் பக்கத்தில் தீ கூடாது. குண்டத்துக்குள் ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் சுற்றிய சின்ன எல்.இ.டி., மேலே நறுக்கிய பட்டுத்துணி, அடியில் ஒரு சிறு பேட்டரி மின்விசிறி. 20 அடி தூரத்திலிருந்து பார்த்தால் தீ போலவே தெரியும். புகைக்குக் கற்பூரம், சாம்பிராணி எதுவும் வேண்டாம். மூடிய அரங்கத்தில் நடிகர்களுக்கு இருமல் வந்துவிடும்.

புடவை மாற்ற ஒருவர் உதவியோடு 4 நிமிடமாவது ஆகும். இருட்டில் கூட்டத்தை அவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியாது. பட்டுப்புடவையில் கொசுவத்தை முன்கூட்டியே மடித்து உள்பக்கம் தைத்து, இடுப்பில் பட்டையும் கொக்கியும் வைத்தால் ஒன்றரை நிமிடத்தில் முடியும். தலைப்பு மடிப்புக்கு இரண்டு ஊக்கு. ரவிக்கை முந்தின காட்சியிலேயே அதே நிறத்தில் இருக்கட்டும். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு மாப்பிள்ளையும் புரோகிதரும் திண்ணைப் பக்கம் தட்சிணை பற்றிப் பேரம் பேசும் ஒரு துண்டுக் காட்சி எழுதிக்கொள்ளுங்கள். 2 நிமிடத்துக்கு எழுதினால் நல்லது, புடவை தாமதமானாலும் சமாளிக்கலாம்.

கெட்டி மேளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அறுபதாம் கல்யாணக் காட்சி அதில்தான் கெடும். புரோகிதர் "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தியதும் அதே நொடியில் ஒலி வர வேண்டும். ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் அரை விநாடி மௌனம் இருந்தால்கூட சதாசிவம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மௌனத்தை வெட்டிவிட்டு, முதல் அடியிலிருந்தே ஆரம்பிக்கும்படி வையுங்கள். மடிக்கணினியை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் நாதஸ்வரத்துக்கு நடுவில் வாட்ஸ்அப் ஒலி வரும்.

கூத்துப்பிரியன் பதில்:

வசனக்காரன் அண்ணா, ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். கோமதிக்குத் தெரியும் என்பதை இடைவேளைக்கு முன் சொல்லிவிட்டால் கடைசிக் கைதட்டல் பாதியாகக் குறையாதா? குடும்பத்தோடு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் பேசிக்கொள்வது அந்தத் திருப்பத்தைத்தான். இரண்டாம் பாதியில் மாமியார், சம்பந்தி நகைச்சுவையைக் கூட்டினாலே வறட்சி போய்விடும் என்பது என் எண்ணம். பொண்டாட்டியிடம் அடிவாங்கும் புருஷன் வகை வசனங்களுக்கு நம்மூர்க் கூட்டம் எப்போதும் சிரிக்கும்.

வசனக்காரன்:

தம்பி, கைதட்டல் கொஞ்சம் குறையலாம், ஒப்புக்கொள்கிறேன். நாற்பது நிமிடச் சிரிப்புக்காக அதை விட்டுக்கொடுப்பது லாபம்தான். திருப்பம் முழுசாகப் போகவும் இல்லை. நகை மீண்டது எப்படி என்பதைக் கடைசி வரை மூடி வைக்கிறோம். அதற்கு வளையல்களைப் பயன்படுத்துங்கள்: 8ஆம் காட்சியிலிருந்து அவள் கையில் இரண்டு தங்க வளையல் குறைந்திருக்கட்டும். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். கடைசியில் "வளையலை வித்துட்டேன்" என்று அவள் சொல்லும்போது கூட்டம் தாங்களே பார்த்ததை நினைத்துப் பார்ப்பார்கள். முதல் பாதியில் அந்த வளையல்கள் நன்றாகத் தெரிய வேண்டும். கண்ணாடி வளையல்களோடு கலக்காமல் தனியாகப் போட்டு, ஒருமுறையாவது மாவு பிசைவதற்கு அவற்றை மேலே தள்ளும் செயலைச் செய்யுங்கள்.

அடிவாங்கும் வசனங்களைச் சேர்க்கவே வேண்டாம். இந்தக் கதை மனைவி சம்மதம் கேட்கும் கதை. அதற்குள் பொதுவான பொண்டாட்டி ஜோக்கைச் செருகினால் கோமதி ஒரு தனி மனுஷியாக இல்லாமல் யாருடைய பொண்டாட்டியாகவும் ஆகிவிடுவாள். வாட்ஸ்அப்பில் சுற்றிய துணுக்குகளும் அப்படித்தான், பாதிக் கூட்டம் முடிவை முன்பே சொல்லிவிடும். சம்பந்தியம்மாவை நகைச்சுவைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: அட்டிகையை ஒருநாள் இரவல் கேட்கட்டும். சதாசிவம் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பக்கத்தில் நின்று கோமதி "எடுத்துக்குங்க சம்பந்தி, தாராளமா" என்று சொல்லட்டும். உங்கள் இரண்டாம் பாதியின் உச்சமே அதுவாகலாம்.

ஒத்திகை பற்றி ஒரு வார்த்தை. சிரிப்புக்கு நிறுத்துவதை நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். சிரிப்பு எழுந்து உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வசனம் வர வேண்டும். முழுசாக அடங்கும் வரை காத்திருந்தால் பள்ளம் விழும், உச்சத்திலேயே பேசினால் வசனம் கேட்காது. கூட்டம் சிரிப்பதையே நிறுத்திவிடும், ஏனென்றால் சிரித்தால் அடுத்தது தப்பிவிடும் என்று பழகிவிடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் சிலையாக நிற்காமல் கையில் உள்ள வேலையைத் தொடர வேண்டும், செய்தித்தாள் மடிப்பது, வெற்றிலை துடைப்பது போல. வாரத்துக்கு ஒருமுறை, நடமாட்டம் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து முழு நாடகத்தையும் இரண்டு மடங்கு வேகத்தில் பேசிப் பாருங்கள். யார் எந்த வசனத்தில் தடுமாறுகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். பிராம்ப்டரை (வசனம் எடுத்துக்கொடுப்பவரை) விங்கில் வைக்கிறீர்கள் என்றால், வசனத்தின் முதல் சொல்லை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், தொங்கு மைக் அவர் குரலையும் பிடிக்கும்.

பாத்திரப் பெயர்களை அடுத்த நாடகத்திலும் மாற்றாதீர்கள் என்பது என் தனிப்பட்ட விருப்பம். கிரேஸி மோகன் தன் நாடகங்களில் மாது, சீனு, ஜானகி என்ற பெயர்களையே திரும்பத் திரும்ப வைத்தார். திரை விலகியதும் கூட்டத்துக்கு ஆட்கள் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள், அறிமுகத்துக்குப் பத்து நிமிடம் செலவழிக்க வேண்டியதில்லை.

சபாரசிகை பதில்:

சென்னை சபாக்களுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இப்போதே 1 மணி 40 நிமிடத்துக்குள் வெட்டிவிடுங்கள். மாலை நாடகங்கள் பெரும்பாலும் இடைவேளை இல்லாமலே ஓடுகின்றன. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா போன்ற இடங்களுக்குப் புது நாடகம்தான் வேண்டும், அதனால் மற்ற ஊர்களில் போடுவதற்கு முன் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரம் வைத்து வாசித்த நேரத்தோடு சிரிப்புக்கென்று பத்து நிமிடமாவது கூட்டிக் கணக்கிடுங்கள்.

உரிமை விஷயத்தில் கவனம் தேவை. மலைக்கோட்டைவாசி, நீங்கள் சொந்தக் கதை எழுதியது நல்லது. காட்சி மாற்றத்துக்குப் பழைய சினிமாக் காதல் பாட்டு போடுகிறீர்களா? டிக்கெட் இல்லாமல் அமெச்சூர் குழு நடத்தும் நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டாலோ சபா பணம் கொடுத்தாலோ அந்த விலக்கு போய்விடும். அப்போது பாடல் வரிக்கும் இசைக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடமும், ஒலிப்பதிவுக்கு அதன் உரிமையாளரிடமும் உரிமம் வாங்க வேண்டும். நிஜக் கல்யாணத்தில் பாட்டுப் போடுவதற்கு அதே பிரிவில் தனி விலக்கு இருக்கிறது, மேடையில் நடக்கும் கல்யாணத்துக்கு அது பொருந்தாது. ஒரு நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் அழைத்து, காட்சி மாற்றத்துக்கும் கெட்டி மேளத்துக்கும் நீங்களே பதிவு செய்துகொள்வது எளிது. அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள்.

அடுத்து வேறு எழுத்தாளரின் நாடகம் எடுக்க நினைத்தால்: இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார், அதனால் அவருடைய நாடகங்களை இப்போது யாரும் மேடையேற்றலாம். பழைய வசனத்தைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றவும் தடையில்லை.

பிரதியைக் காவல்துறைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டுமா என்று பல ஊர்க் குழுக்கள் இன்னும் கேட்கிறார்கள். அதற்கு அடிப்படையாக இருந்த 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் உள்ள வழக்கமான அனுமதி மட்டும் பாருங்கள், பெரும்பாலும் அரங்கக்காரர்களே அதைச் சொல்லிவிடுவார்கள்.